ஃபீனிக்ஸ் பே: வெள்ளத் திட்டமா, வெளியேற்றத் திட்டமா?

பருவநிலை மாற்றம் உலகளாவிய பிரச்சனை. அதில் ஒரு நகராட்சி மன்றம் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்சியாளர்களுக்கு மிகவும் வசதியான கேள்வி இது. பூமியைச் சூடாக்கியது லாபவெறி கொண்ட உலக முதலாளித்துவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனால் உயரும் கடல்நீர் மாநாட்டு மண்டபங்களுக்குள் புகுவதில்லை. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே போன்ற தாழ்ந்த கரையோரங்களில், கப்பல் பட்டறைத் தொழிலாளியும் ஜெட்டியில் சுமை தூக்குபவரும் சிறு கடைக்காரரும் பிழைக்கும் இடங்களையே அது முதலில் தொடும். அங்கே வடிகால் எந்த மட்டத்தில் கட்டப்பட வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் நிதி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அரசியல் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான்.

2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியதால் நிலமட்டம் ஓர் அங்குலமும் உயர்ந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் சுற்றுவட்டாரம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியின் வயல்கள் அன்று உப்புநீரில் மூழ்கின. பயிர் விளைந்த பூமி சதுப்பாயிற்று. கடல்மட்ட உயர்வு குறித்து நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த பட்டியலில் போர்ட் பிளேருக்குரிய அளவு ஆண்டுக்கு 2.2 மில்லிமீட்டர். அதற்கு ஆதாரமான பதிவுகளோ 1916 முதல் 1964 வரையிலானவை! அந்த வேகத்தில் கடல் ஒரு மீட்டர் உயர ஏறத்தாழ 450 ஆண்டுகள் ஆகும். நிலநடுக்கம் அதைச் சில நிமிடங்களில் செய்து முடித்தது. அதன் பின்னும் நிலம் அசைந்துகொண்டே இருக்கிறது. தாழ்ந்ததில் எவ்வளவு மீண்டது, எவ்வளவு மீளவில்லை என்று வார்டு வாரியாக அளக்காமல், 1964இல் நின்றுபோன எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போடப்படும் எந்தத் திட்டமும் காகிதத் திட்டமே.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு இது. மலைச்சரிவில் விழும் மழை சில நிமிடங்களில் கீழே வந்து சேர்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஓதப்பெருக்கில் கடல் உயர்ந்திருந்தால் வடிகாலின் வாய் நீருக்குள் மூழ்கிவிடும். வெளியேற வழியில்லாத மழைநீர் தாழ்வான தெருவில் தேங்கும். கடல்நீரும் அதே வடிகால் வழியே திரும்பி வரும். நிலம் தாழ்ந்து கடலும் உயர்ந்தால் இப்படிப்பட்ட நாட்கள் பெருகும். சாக்கடையை அகலப்படுத்தினால் மட்டும் இது தீராது. வாய்க்கு அடைப்புக் கதவு வேண்டும், நீரைத் தேக்கிவைக்க இடம் வேண்டும், இறைக்கும் இயந்திரம் வேண்டும், சதுப்புக் காடுகள் மிஞ்ச வேண்டும். இதே நகரம் கோடையில் தனிக்காரி அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக் குடிநீருக்கு ஏங்கி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மழைநீரைச் சேமிக்கும் திட்டமும் வெள்ளத் திட்டமும் வேறுவேறல்ல.

இவற்றைச் செய்ய வேண்டிய மன்றத்தின் நிலை என்ன? 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்த் திட்டமிடலையும் குடிநீரையும் நகராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. 1994ஆம் ஆண்டின் நகராட்சி ஒழுங்குமுறைச் சட்டப்படி இங்கே மன்றம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் சட்டமன்றமே இல்லாத யூனியன் பிரதேசத்தில், தலைமை அதிகாரியை அனுப்புவதும் நிதியை அளந்து கொடுப்பதும் துணைநிலை ஆளுநரின் நிர்வாகம். 2016இல் போர்ட் பிளேர் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் சேர்ந்தபோது பணி கவுன்சிலர்களிடம் வரவில்லை. அதற்கென ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது. வாக்களித்த மக்கள் கம்பெனியிடம் கணக்குக் கேட்க முடியுமா? 2025இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இதே பாதையில்தான் செல்கிறது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் அது உருவாக்கும் நகர்ப்புற ஆணையத்தின் தலைவர் மேயர் அல்ல, ஆணையர். பெருநகரங்களின் மேயர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரு சிறு தீவு நகராட்சியின் கவுன்சிலர் எம்மாத்திரம்!

வெள்ளம் வந்தால் ‘ஆக்கிரமிப்பே காரணம்’ என்ற பல்லவி உடனே எழும். சென்னை அதற்குச் சாட்சி. ஆற்றங்கரை ஏழைகள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் பெயர்க்கப்பட்டார்கள். பெயர்க்கப்பட்ட இடங்களிலும் வெள்ளம் புகுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பை விழுங்கி எழுந்த பெருங்கட்டடங்களோ அசையவில்லை. அந்தமானில் குடியேறிய தமிழ், வங்க, தெலுங்கு, ராஞ்சித் தொழிலாளர்களில் பலருக்கு இன்றும் நிலத்திற்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனை அப்புறப்படுத்துவதே மலிவான வெள்ளத் திட்டம் என்று நாளை ஓர் ஆலோசனை நிறுவனம் எழுதித் தந்தால் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

கரையை உண்மையாகவே ஆக்கிரமிப்பவர்கள் யார்? 2011இன் தீவுப் பாதுகாப்பு அறிவிக்கையில் கடற்கரையிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை இருந்தது. 2019இல் தெற்கு அந்தமான், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட பெரிய தீவுகளில் அது 50 மீட்டராகச் சுருக்கப்பட்டது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 2004இல் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடித்தளத்தைக் கடல் சூழ்ந்தது. அதே தீவில் 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட, சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை அழிக்க, 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் நிலத்தைப் பறிக்கும் இத்திட்டத்தை ‘வளர்ச்சி’ என்பவர்களுக்குப் பருவநிலை பற்றிப் பேச என்ன தகுதி?

மாற்று வழி இல்லாமலில்லை. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. 2018 பெருவெள்ளத்திற்குப் பின், 2020இல் உள்ளாட்சிகள் தத்தமது பேரிடர்த் திட்டத்தை மக்கள் பங்கேற்புடன் தயாரிக்கும் இயக்கம் நடந்தது. 2024இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு அத்தனைக்கும் பின் நிகழ்ந்ததுதான். திட்டம் எழுதியதாலேயே மலை நின்றுவிடாது. ஆனால் எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த ஓடை எப்போது பொங்கும் என்பதை அறிந்தவர்கள் அந்தத் தெருவின் மக்களே. அவர்களிடமிருந்து தொடங்கும் திட்டத்திற்கும், கம்பெனி ஒன்றின் கணினியில் பிறக்கும் திட்டத்திற்கும் இடையே வர்க்க வேறுபாடு உண்டு.

அந்தமான் தோழர்கள் இப்போதே சில வேலைகளைக் கையிலெடுக்க வேண்டும். ஃபீனிக்ஸ் பே முதல் ஜங்லிகாட் வரை தாழ்வான ஒவ்வொரு வார்டிலும் ஓதம் ஏறும் மட்டத்தை மக்களோடு சேர்ந்து சுவரில் குறித்து, தேதியுடன் பதிவு செய்யுங்கள். நிலமட்ட அளவீட்டை வெளியிடும்படி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் செய்யுங்கள். வடிகால் கதவுகளுக்கும் இறைப்பு இயந்திரங்களுக்கும் வரவு-செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு கேளுங்கள். இடம்பெயர்த்தே தீர வேண்டிய குடும்பம் இருந்தால், அதே நகர எல்லைக்குள், வேலையிடத்துக்கு அருகில், பட்டாவுடன் வீடு கட்டி முடித்த பிறகே பழைய குடியிருப்பில் கைவைக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.