இரண்டு பாதை உடையோரும் ஒற்றைப் பாதை உடையோரும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி, திங்கட்கிழமை. தீபாவளி நாள். செவன் கிங்ஸில் வாழும் எம்மவர் கோயிலுக்கும் வேலைக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில் லொயிட்ஸ், ஹலிபக்ஸ் வங்கிகளின் இணையவழிச் சேவைகள் தடைப்பட்டன. பிரித்தானிய வருமானவரித் திணைக்களத்தின் இணையத்தளமும் பாதிக்கப்பட்டது. சிக்னல், ஸ்னப்சற் முதலிய செய்திப் பரிமாற்றச் சேவைகளும் தடுமாறின. இலண்டனில் எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவின் வட வேர்ஜீனியாவில் உள்ள அமேசன் நிறுவனத்தின் கணினி நிலையங்களில், பெயர்களை முகவரிகளாக மாற்றும் ஏற்பாட்டில் உண்டான ஒரு பழுதே இத்தனைக்கும் காரணமாயிற்று.

எங்கோ நேர்ந்த பழுது எம் வீட்டு வாசலில் வந்து நிற்பதேன்? இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. செவன் கிங்ஸுக்குத் தென்மேற்கே சில மைல் தூரத்தில், தேம்ஸ் நதிக்கரையில், ஈஸ்ற் இந்தியா என்றொரு ரயில் நிலையம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களுக்காக 1806இல் திறக்கப்பட்ட துறையின் பெயர் அது. அயலிலுள்ள தெருக்கள் இன்றும் கிராம்பு, சாதிக்காய், குங்குமப்பூ, கொத்தமல்லி என எம்மவர் அடுக்களைப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. அங்கேதான் 1990இல் ரெலிஹவுஸ் என்ற கணினி நிலையம் எழுந்தது. பல நிறுவனங்களின் இணையப் போக்குவரத்தை ஒன்றோடொன்று கைமாற்றும் இலண்டன் இணையப் பரிமாற்ற நிலையம் 1994இல் அதற்குள் தொடங்கியது. முகில் என்பது பெயர் மட்டுமே. இத்தகைய கட்டடங்களும் அவற்றைக் கடலடியில் இணைக்கும் கண்ணாடி இழைகளுமே அதன் உடல்.

இந்த இழைகளைப் பெருநிறுவனங்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பது கவனிக்கத்தக்கது. கொழும்பு, சென்னை, சிங்கப்பூர், இலண்டன் ஆகிய நகரங்களில் கிளைகள் கொண்ட ஒரு வணிக நிறுவனம் ஒவ்வொரு நாட்டின் தொலைபேசிக் கம்பனியோடும் தனித்தனியே பேரம் பேசுவதில்லை. ஒரே சேவையாளரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்து விடுகின்றது. வழிகளைக் குத்தகைக்கு எடுப்பது, கருவிகளைப் பொருத்துவது, இரவு பகலாகக் கண்காணிப்பது, ஒரு வழி பழுதானால் போக்குவரத்தை மறுவழியில் திருப்புவது யாவும் அச்சேவையாளரின் கடமை. இவற்றோடு, அமேசன் 2011 முதலும் மைக்ரோசொவ்ற் 2014 முதலும் தத்தம் முகிலுக்குள் நேரே நுழையும் தனிவழிகளை விற்று வருகின்றன. பொது இணையத்தை எல்லோரும் போகும் பெருந்தெரு எனக் கொண்டால், இது வாசலில் காவலாளி நிற்கும் தனி ஒழுங்கை எனலாம்.

இந்த ஒழுங்கைக்குக் கொடுக்கும் விலையில் உத்தரவாதமும் அடங்கும். ஆண்டில் 99.99 சதவீத நேரம் இணைப்பு இயங்கும் என ஒப்பந்தம் கூறுமாயின், ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 53 நிமிடங்களே அது நிற்கலாம். மீறினால் கட்டணத்தில் கழிவு உண்டு. எமது வீடுகளின் நிலை என்ன? தொலைத்தொடர்புக் கண்காணிப்பு அமைப்பான ஒப்கொம் 2019 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த திட்டப்படி, வீட்டு இணைப்பு அறுந்து இரண்டு முழு வேலைநாட்கள் கடந்தும் சீராகாவிட்டால்தான் நட்டஈடு தொடங்குகின்றது. நாளொன்றுக்கு 8 பவுண் எனத் தொடங்கிய அத்தொகை விலைவாசியோடு உயர்ந்து வந்துள்ளது. விரும்பி இணைந்த நிறுவனங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். கைத்தொலைபேசி அதில் அடங்காது. அங்கே நிமிடக் கணக்கு, இங்கே நாட்கணக்கு.

இந்த ஏற்பாடுகளால் நாமும் பயனடைந்தோம் என்பதை மறுப்பதற்கில்லை. 1870இல் பம்பாய்க்கான தந்திக் கம்பி கோர்ன்வோலில் உள்ள போர்த்கேர்னோ என்ற சிற்றூரில் கரையேறியது. அதே ஊரிலிருந்து யப்பான் வரை, ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் நீளத்துக்கு, தனியார் முதலில் இடப்பட்ட பிளாக் என்ற கண்ணாடி இழை 1997இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் தேவைக்கு மிஞ்சி இழைகள் இடப்பட்டன. விலை சரிந்தது. பிளாக் நிறுவனம் 2002இல் கடன் தாளாது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2004இல் இந்தியாவின் றிலையன்ஸ் அதனை 207 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ராற்றா குழுமத்தின் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005இல் ரைக்கோவின் உலகளாவிய வலையமைப்பை 130 மில்லியன் டொலருக்குப் பெற்றது. பல மடங்கு செலவில் அமைக்கப்பட்டவை இவ்வாறு மலிவாகக் கைமாறின.

1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, லொட்ஜுகளில் தங்கி, பிள்ளையின் அழைப்புக்காக நாட்கணக்கில் காத்திருந்த பெற்றோரை நாம் மறந்துவிடவில்லை. அக்காலத்தில் ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒருநாட் கூலி போனவர்களும் எம்மிடையே உள்ளனர். நிமிடங்கள் மலிந்தபின் தொலைபேசி அட்டைகள் பெருகின. ஈழத்தமிழர் தொடங்கிய லெபாரா 2001இலும் லைக்கா மொபைல் 2006இலும் களத்துக்கு வந்தன. இவற்றுக்குச் சொந்தக் கம்பங்கள் இருக்கவில்லை. பிறர் வலையமைப்பை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதே வழி. தூரத்தை மலிவாக்கலாம் என்பதை எம்மவர் இவ்வாறு கற்றுக்கொண்டனர்.

ஆயின், மலிவு வேறு, உறுதி வேறு. 2004 ஓகஸ்டில் கொழும்புக் கடலில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டு இலங்கையின் கடலடிக் கம்பியைச் சேதப்படுத்தியபோது, நாட்டின் இணையத் தொடர்பு பெரும்பாலும் துண்டிக்கப்பட்டது. 2008 சனவரி 30ஆம் திகதி எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அப்பால் பிளாக் இழையும் சீமீவீ-4 இழையும் ஒரே நாளில் அறுந்தன. 2025 செப்ரெம்பரில் செங்கடலில், ஜெட்டாவுக்கு அருகே, சீமீவீ-4 உட்பட இரு இழைகள் பழுதாகின. மைக்ரோசொவ்ற் முகிலின் மத்தியகிழக்கு வழிப் போக்குவரத்தே வேகம் குன்றியது. இரண்டு ஒப்பந்தங்கள் வைத்திருப்பது மாத்திரம் போதாது, இரண்டும் ஒரே கடலில் ஒரே பள்ளத்தில் கிடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்பதே பெருநிறுவனங்கள் இவற்றால் கற்ற பாடம்.

இதே பாடம் செவன் கிங்ஸ் ஹை றோட்டுக்கும் பொருந்தும். இரு கம்பனிகளின் பெயரில் வரும் இணைப்புகள் நிலத்தின் கீழ் ஒரே ஓப்பின்றீச் கம்பியாக இருக்கக்கூடும். வெவ்வேறு பெயருள்ள இரு சிம் அட்டைகள் ஒரே கம்பத்தை நம்பியிருக்கக்கூடும். செப்புக் கம்பித் தொலைபேசி, மாற்றகத்திலிருந்து வந்த மின்சாரத்தில் இயங்கியது. இணையவழித் தொலைபேசியோ வீட்டு மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். பழைய முறையை நிறுத்தும் காலம் 2025 டிசெம்பரிலிருந்து 2027 சனவரிக்குத் தள்ளப்பட்டதற்கு, தனித்து வாழும் முதியோரின் பாதுகாப்புப் பற்றிய கவலையும் ஒரு காரணம்.

இவையெல்லாவற்றிலும் பாரதூரமானது எமது வதிவிட உரிமை பற்றியதாகும். அகதி அந்தஸ்து பெற்றோர் முதல் நிரந்தர வதிவிடம் பெற்றோர் வரை கையில் வைத்திருந்த வதிவிட அட்டைகளுக்குப் பதிலாக இணையவழிப் பதிவை பிரித்தானிய உள்துறை கொண்டுவந்தது. பெருந்தொகையான அட்டைகளில் 2024 டிசெம்பர் 31 என்ற முடிவுத் திகதியே அச்சிடப்பட்டிருந்தது. இப்போது வேலை கேட்டாலும் வாடகைக்கு வீடு கேட்டாலும், கணக்கைத் திறந்து, 90 நாள் செல்லுபடியாகும் பகிர்வுக் குறியீடு ஒன்றைப் பெற்றுக் கொடுக்க வேண்டும். முடிவுக்குக் காத்திருக்கும் அகதி விண்ணப்பதாரியிடம் பதிவு அட்டையாவது உண்டு. அனுமதி கிடைத்ததும் அவரும் இந்த ஒற்றைப் பாதைக்கு வந்துவிடுகின்றார்.

அட்டை தொலையும், திருடப்படும், போலியாகவும் அச்சடிக்கப்படும் என்று அரசு கூறலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், ஆவணத்தின் ஒரே பிரதி அரசிடம் இருப்பதன் ஆபத்தை இந்நாடு ஏற்கெனவே கண்டிருக்கின்றது. கரிபியன் தீவுகளிலிருந்து வந்தோரின் வருகை அட்டைகளை உள்துறை 2010இல் அழித்தது. பல தசாப்தங்கள் இங்கு உழைத்த மனிதர் தமது உரிமையை நிரூபிக்க முடியாமல் வேலையும் வீடும் இழந்த கதை 2018இல் வெளிவந்து நாட்டை உலுக்கியது. எமது தாயகத்தைக் கொண்ட தீவிலும் பாடம் உண்டு. இலங்கை அரசின் முகிலை 2023இல் கணினிக் கொள்ளையர் தாக்கியபோது, மே மாதம் முதல் ஓகஸ்ட் வரையிலான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அக்காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை.

வணிக நிறுவனமொன்றின் கணக்குப் புத்தகத்துக்கு இரண்டாவது பாதை தேவையென்றால், ஒரு மனிதன் இந்நாட்டில் வாழும் உரிமைக்கு அது தேவையில்லையா? இணையம் நின்ற நாளிலும் காட்டத்தக்க, அரசே உறுதிசெய்த ஓர் ஆவணம் எம் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய நாட்டவரின் அமைப்புகள் இதனைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்துள்ளன. எமது சங்கங்களும் கோயில்களும் பழைய மாணவர் மன்றங்களும் அவர்களோடு சேர்ந்து குரல் எழுப்புவதில் தயக்கம் ஏன் என்பது எமக்கு விளங்கவில்லை. இல்போர்ட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வாக்காளர் என்ற முறையில் இதை வலியுறுத்தலாம்.

அதுவரை கையாலாவதைச் செய்வோம். அனுமதிக் கடிதத்தையும் முடிவுத் திகதி கடந்த பழைய அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். பயணத்துக்கும் வேலை நேர்முகத்துக்கும் முன்னரே பகிர்வுக் குறியீட்டை எடுத்து, பதிவுப் பக்கத்தையும் அச்சிட்டு வையுங்கள். அச்சுப் பிரதி சட்டப்படி சான்றாகாது. எனினும், பதிவில் பின்னர் பிழை நேர்ந்தால் முன்னர் என்ன இருந்தது என்பதைக் காட்ட அது உதவும். கணக்குடன் இணைத்த தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் மாறினால் உடனே திருத்துங்கள். வீட்டிலுள்ள இரு தொலைபேசிகளும் வெவ்வேறு கம்பங்களை நம்பியுள்ளனவா என்று கேட்டறியுங்கள். கடை வைத்திருப்போரும் இதையே தமது இணைப்புக்குக் கேட்க வேண்டும். பெருநிறுவனம் காசு கொடுத்து வாங்கும் இரண்டாவது பாதையில் ஒரு பகுதியை, விழிப்பாக இருந்தால், நாமும் அமைத்துக்கொள்ளலாம். மிகுதியை அரசிடமே கேட்டுப் பெற வேண்டும்.