செத்தது நோயாலயா, விலையாலயா?



பகல் முழுக்க வங்கியில் அடுத்தவன் பணத்தை எண்ணுகிறவன் நான். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு இன்றுவரை இடிக்கிற கணக்கு ஒன்று உண்டு.

1996வாக்கில் எய்ட்சுக்குக் கூட்டு மருந்து வந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாவு மளமளவென்று குறைந்தது. ஆப்பிரிக்காவில் குறையவில்லை. காரணம், ஒரு ஆளுக்கு ஓராண்டு மருந்து பத்தாயிரம் டாலருக்கும் மேல்.

நிறவெறி ஆட்சி ஒழிந்து மூன்றே ஆண்டு. 1997இல் தென்னாப்பிரிக்க அரசு மலிவான மருந்தை வெளியிலிருந்து வாங்க வழிசெய்து சட்டம் போட்டது. மறுவருசமே நாற்பதுக்குப் பக்கமான மருந்துக் கம்பெனிகள் பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குப் போயின. எதிர்வாதிப் பட்டியலில் யார் பெயர் தெரியுமா? 27 வருசம் சிறையில் கிடந்த நெல்சன் மண்டேலா.

2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளுக்கு ஒரு டாலர்கூட இல்லை! அப்போ மிச்சப் பணம் எதுக்கு? மருந்துக்கு இல்லை, காப்புரிமைக்கு. இந்தியாவின் 1970ஆம் வருசச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. அதனால்தான் சிப்லாவால் செய்ய முடிந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பணிந்து 2005இல் அந்தக் கதவையும் ஒருக்களித்துச் சாத்தினார்கள்.

கம்பெனிக்காரன் மனசு இரங்கி விலகவில்லை. சிகிச்சைக்கான செயல் இயக்கம் என்று 1998இல் தொடங்கியவர்கள் சனங்களைத் தெருவில் இறக்கினாங்க. அதன் தலைவர் சாக்கி அக்மத்துக்கே எச்.ஐ.வி. எல்லாருக்கும் கிடைக்காத மருந்து எனக்கும் வேண்டாம் என்று வருசக்கணக்கில் மறுத்தார். 2001 ஏப்ரலில் வழக்கு வாபஸ். அப்புறம் மருந்தையே சந்தேகப்பட்ட தங்கள் சொந்த அரசையும் 2002இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்கடித்தார்கள். நம்மாளு ஆட்சிதானே என்று வாயைப் பொத்திக்கிட்டு உட்காரவில்லை. இது நாம் படிக்கவேண்டிய பாடம்.

முடிஞ்சுதா? இல்லை. லெனகாபவிர் என்று ஒரு ஊசி. ஆண்டுக்கு இரண்டு தடவை போட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும். 2025இல் அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். 2024 அக்டோபரில் கில்லியட் கம்பெனி 120 ஏழை நாடுகளுக்காக அதை மலிவாகச் செய்ய மற்றவர்களுக்கு அனுமதி கொடுத்தது. சோதனைக்கு உடம்பு கொடுத்த பிரேசிலும் பெருவும் அந்தப் பட்டியலில் இல்லை.

கிணறு வெட்ட நம்ம கை வேணும், தண்ணி மொள்ள நாம ஆகாது. இந்தக் கணக்கு நமக்குப் புதுசா?

இடிக்கிற கணக்கை அப்படியே எழுதி மூட என்னால் ஆகாது தோழர்களே. உங்களாலும் ஆகக்கூடாது.