முதலில் பேச்சு, பிறகுதான் படம்!

வெளியூரில் இருக்கும் பிள்ளை கோவில்பட்டிக்கு டெலிபோன் பேசுகிறான். வீட்டு வைபையில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. அதே வீட்டில் சினிமாப் படம் மட்டும் தங்குதடை இல்லாமல் ஓடுகிறது!

"வேகம் போதாது, அதிகப் பணம் கட்டுங்கள்" என்பார்கள். பல சமயம் குறை வேகத்தில் இல்லை. வரிசையில் இருக்கிறது.

குழாயடிச் சண்டை

கரிசல் பூமியில் தண்ணீரின் அருமை தெரியாதவர் இல்லை. குழாயடியில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் குடத்தை நீட்டினால் என்ன ஆகும்? குடங்கள் மோதும், தண்ணீர் தரையில் கொட்டும்.

வைபையும் அப்படித்தான். குரல் சிறு சிறு பொட்டலங்களாக அலையில் போகிறது. இரண்டு செல்போன்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு பொட்டலங்களும் மோதிப் பாழாகும். ஆகவே ஒவ்வொரு கருவியும் அலை ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே அனுப்புகிறது.

சினிமா, அண்டா. அதற்கு நிறைய வேண்டும், ஆனால் காத்திருக்கும். பேச்சு, செம்பு. அதற்குக் கொஞ்சம் போதும்; ஆனால் உடனே வேண்டும். தாமதமாக வந்த குரலால் பயன் இல்லை.

நம்மவர் பங்கு

குறுகிய தூரத்துக்குள் கம்பியில்லாமல் பேசுவதற்கு 1989-ல் டேவிட் குட்மேன் உள்ளிட்ட 4 பேர் ஒரு முறையை வெளியிட்டனர். அவர்களில் ஒருவர் பாஸ்கர் ராமமூர்த்தி. பின்னாளில், 2011 முதல் 2022 வரை, சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தவர்.

முறை எளியது. பேசத் தொடங்குகிறவர் போட்டியிட்டு ஓர் இடம் பிடிக்கிறார். அவர் பேசும்வரை அந்த இடம் அவருக்கே. பேச்சை நிறுத்தினால் இடம் அடுத்தவருக்கு.

வைபைக்கு 2005-ல் வேறொரு விதி வந்தது. அதில் 4 வரிசைகள். முதல் வரிசை பேச்சுக்கு! 2019 டிசம்பரில் வைபை வழி டெலிபோன் பேச்சும் இந்தியாவில் தொடங்கியது.

பிறகு ஏன் தொல்லை? "இது பேச்சு" என்று பொட்டலத்தில் குத்திய முத்திரை பல சமயம் வழியிலேயே அழிந்து விடுகிறது. செம்பு, அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறது!

யார் கடமை?

இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள் அந்த முத்திரையைக் காக்க வேண்டும். பெட்டி மாட்ட வரும் ஊழியர், பேச்சுக்கு முதல் வரிசை கிடைக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும். வேகத்தை விற்பதோடு பொறுப்பு தீராது.

வீட்டாரும், டெலிபோன் வந்தால் படத்தைச் சற்று நிறுத்தலாம். படத்தை நாளையும் பார்க்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சேதி நாளை வரை காத்திருக்காது.