அந்தப் பிள்ளையை சட்டம் படிக்க விடு, தம்பி



போன வாரம் ஒரு வளைகாப்பில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது நம் விருத்தாசலத்திலேயே பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்து விற்கிறான். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு சட்டம் படிக்கிறேன் என்கிறாளாம். "பொம்பளப் புள்ளைக்கு கோர்ட்டு, போலீசு எல்லாம் சரிப்படுமா டீச்சர்? அதுக்குப் பெரிய இடத்துப் புள்ளையா இருக்கணும்" என்றான். பந்தியில் இருந்த நம் சொந்தங்களும் தலையாட்டினீர்கள். இலைக்கு முன்னால் சண்டை வேண்டாமென்று விட்டேன். இங்கே விடமாட்டேன்.

பெரிய இடமா? நீதிபதி பானுமதி இரண்டு வயதில் பேருந்து விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவர். கோர்ட்டில் தீர்ப்பாகியும் நஷ்டஈட்டுப் பணம் தங்கள் கைக்கு வரவில்லை என்று ஓய்வுபெறும்போது அவரே சொன்னார். அந்த வீட்டுப் பெண்தான் 1981-ல் வக்கீலாகி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் வாதாடினார். 1988-ல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி. 2014-ல் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண் அவர்.

கோர்ட்டு, போலீசு சரிப்படாதா? 1997-ல் புதுக்கோட்டையில் சாமியார் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது யார்? இதே பானுமதிதான். நிர்பயா வழக்கிலும் தனியாகத் தீர்ப்பு எழுதினார்.

உச்ச நீதிமன்றம் தொடங்கியது 1950-ல். முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வந்தது 1989-ல். 39 வருஷம்! மேலே ஆள் எடுத்தவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் வீட்டு வாசலிலேயே மறித்த அப்பாக்களை யார் கேட்பது?

பாத்திமா பீவியை நமக்குத் தெரியும், நம் கவர்னராக இருந்தவர். பத்தனம்திட்டாக்காரர். அறிவியல் படித்த அவரைச் சட்டம் படிக்கச் சொன்னதே அவர் அப்பாதான். திருவிதாங்கூரில் 1937-லேயே முன்சீப் ஆன அன்னா சாண்டியை மனதில் வைத்துச் சொன்னாராம். பாத்திமா பீவியும் 1958-ல் முன்சீப்பாகத்தான் தொடங்கினார். அந்தக் காலத்து அப்பாவுக்கு இருந்த துணிச்சல், கையில் செல்போனோடு திரியும் உனக்கு இல்லையா?

சூளையில் ஏற்றாமலேயே எந்தக் கட்டையையாவது தேறாது என்று ஒதுக்கியிருக்கிறாயா நீ?

பெயர் எழுதவில்லை, படிக்கும்போதே அவனுக்குத் தெரியும். தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். மகளையும் மார்க் ஷீட்டையும் கூட்டிக்கொண்டு வா. விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.