எடுத்து வைத்த தாய்ப்பால்

காலை 8 மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, நமது ஸ்திரீகள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் போகும் மின்சார வண்டிகளில் ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் நர்ஸுகளும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். 1984-ல் ஏற்பட்ட ஏற்றுமதி மண்டலத்தின் தொழிற்சாலைகளை நோக்கி மற்றொரு கூட்டம் சானடோரியம் பக்கம் விரைகிறது. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். இவர்களுள் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வந்த தாய்மார்களும் உண்டு. அவர்களில் சிலர் விடியற்காலையிலேயே எழுந்து, பாலைப் பீய்ச்சி எடுத்து, சிறு பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அந்தப் பாத்திரத்தைப் பற்றியே இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

இது கூச்சத்துக்குரிய விஷயம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். மாமியார்களும் கணவன்மார்களும் முதலாளிகளும் அறியாமல் இருப்பதனாலேயே பல வீடுகளில் நல்ல பால் வீணாகிறது. ஆகையால் கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைப்போம்.

முதற் கேள்வி: எடுத்து வைத்த பாலில் சத்து நிற்குமா? பெரும்பகுதி நிற்கும். ஆனால் எவ்வளவு நிற்கும் என்பது உஷ்ணத்தையும் நேரத்தையும் பொறுத்தது. 1996-ம் வருஷம் அமெரிக்காவில் ஹமோஷ் அம்மையாரும் அவருடைய சகாக்களும், உத்தியோகத்துக்குப் போகும் தாய்மார்களை மனத்தில் கொண்டே இதை ஆராய்ந்தார்கள். 15 டிகிரி உஷ்ணத்தில் பால் 24 மணி நேரம் கெடாமல் இருந்தது. 25 டிகிரியில் 4 மணி நேரம் வைக்கலாம் என்று கண்டார்கள். 38 டிகிரியிலோ வைக்கவே கூடாது என்று முடிவு கட்டினார்கள்.

இந்த 38 டிகிரி என்ற எண்ணைப் படித்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்திரை, வைகாசியில் மீனம்பாக்கத்து வெயில் அதைத் தாண்டாத நாட்களா அதிகம்? "அறை உஷ்ணத்தில் 4 மணி நேரம்" என்று மேல்நாட்டார் எழுதுவது அவர்களுடைய அறைக்கு. குரோம்பேட்டையில் ஓட்டு வீட்டுக் கூடத்துக்கு அல்ல. ஆகவே நம் ஊரில் பாலை எடுத்தவுடன் குளிரில் வைத்துவிடுவதே உத்தமம். குளிர்ப் பெட்டியில், 4 டிகிரியில், 4 நாள் வரை வைக்கலாம். உறைய வைக்கும் அறையில் சுமார் 6 மாதம் வரை நல்ல நிலையில் இருக்கும். ஐஸ் கட்டிகள் அடுக்கிய பையில் 24 மணி நேரம் தாங்கும். ரயில் பிரயாணத்துக்கு இது போதும். பெட்டியின் கதவுத் தட்டில் மட்டும் வைக்கக் கூடாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே உஷ்ணம் ஏறுகிறது.

இனி, சேமிப்பில் குறைவது எது? பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. நோயை எதிர்க்கும் பொருள்களிலும் பெரும்பகுதி குளிரைத் தாங்கி நிற்கின்றன. வைட்டமின் 'சி' மட்டும் நாளுக்கு நாள் குறைகிறது. உறைய வைத்தாலும் குறைவது நிற்பதில்லை. பாலில் உயிருடன் இருக்கும் வெள்ளை அணுக்கள் உறைநிலையில் மடிந்துபோகின்றன. எனவே இன்று எடுத்ததை நாளைக்குக் கொடுப்பது, உறைய வைத்து மூன்று மாதம் கழித்துக் கொடுப்பதைவிட மேலானது. ஆறு மாதம் கடந்து மசித்த பழமும் உண்ணத் தொடங்கிய குழந்தைக்கு வைட்டமின் குறைவு பெரிய நஷ்டமல்ல.

கொழுப்பின் கதை சற்று விசித்திரமானது. வைத்த பாலில் ஏடு மேலே ஒதுங்கிப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கொட்டுவது குழந்தையின் பலத்தைக் கொட்டுவதாகும். பாத்திரத்தை மெதுவாகச் சுழற்றினால் ஏடு மீண்டும் கலந்துவிடும். மேலும், தாய்ப்பாலிலேயே கொழுப்பைப் பிரிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அது குளிரிலும் வேலை செய்கிறது. அதனால் சில தாய்மாரின் பாலில் இரண்டொரு நாளில் சவுக்கார வாடை வீசும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. குழந்தை மறுக்காவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். புளித்த வாடை வந்தால் மட்டும் ஒதுக்க வேண்டும்.

பாட்டிமார்களிடம் ஒரு விண்ணப்பம். பசும்பாலைக் காய்ச்சாமல் கொடுக்கக் கூடாது என்று நமக்குக் கற்பித்தவர்கள் நீங்களே. அது முற்றிலும் சரி. ஆனால் அதே வழக்கத்தில் மருமகள் வைத்துவிட்டுப் போன பாலையும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். தானம் பெறும் தாய்ப்பாலை ஆஸ்பத்திரிகளில் 62.5 டிகிரியில் 30 நிமிஷம் வைத்துச் சுத்தி செய்கிறார்கள். அவ்வளவு சிறு சூட்டிலேயே நோய் எதிர்க்கும் பொருள்களில் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. கொதிக்க வைத்தால் என்ன மிஞ்சும்? வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தைச் சற்று நேரம் நிறுத்தினால் போதும். உறைந்த பாலை முதல் நாள் இரவே குளிர்ப் பெட்டிக்கு மாற்றி இளக விட வேண்டும். இளகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கலாகாது. ஒரு வேளைக்குரிய அளவாகச் சிறு சிறு பாத்திரங்களில் தேதி குறித்து வைத்தால் வீணாகாது. குழந்தை குடித்து மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

புகட்டுவதற்குப் புட்டி தேவையில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பாலாடையே போதும். கழுவுவது சுலபம், அழுக்குத் தங்க இடமில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குப் புகட்ட வைத்தியர்களே இன்று பாலாடையைத்தான் கையாளுகிறார்கள். பால் எடுப்பதற்கும் இயந்திரம் கட்டாயமில்லை. சுத்தமாகக் கழுவிய கை போதும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது? 2023 டிசம்பர் புயலின்போது முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கங்களில் வெள்ளம் சூழ்ந்து விளக்கின்றித் தவித்தவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. கதவைத் திறக்காதிருந்தால் குளிர்ப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். அதற்கு மேல் ஐஸ் தேட வேண்டியதுதான்.

வீட்டார் கடமை இது. முதலாளிகள் கடமை ஒன்றும் உண்டு. பகல் முழுவதும் பாலை எடுக்காமலிருந்தால் தாய்க்கு மார் கட்டி வலிப்பதோடு, சுரப்பும் படிப்படியாகக் குறைந்துவிடும். பிறகு டப்பா மாவுதான் கதி. 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று ஆக்கினார்கள். 50 பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய் வரலாம் என்றும் விதித்தார்கள். 26 வாரம் என்பது, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் தரக்கூடாத ஆறு மாதம். அதன் பிறகும் 2 வயது வரை தாய்ப்பால் தொடர வேண்டும் என்கிறது உலகச் சுகாதார ஸ்தாபனம். 27-வது வாரத்தில் வேலைக்குத் திரும்பும் பெண் எங்கே உட்கார்ந்து பாலை எடுப்பாள்? குளியலறையிலா? 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களிலேயே பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பஸ் நிலையத்தில் முடிந்தது தொழிற்சாலையில் முடியாதா? தாழ்ப்பாளுள்ள ஒரு கதவு, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சிறு குளிர்ப் பெட்டி: இவ்வளவுதான் செலவு.

பால் மிகுதியாக உள்ள தாய்மார் அதைத் தானம் செய்யலாம். 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் முதற் பால் வங்கியைத் தொடங்கினார். நமது எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் அத்தகைய வங்கி உண்டு. ஆனால் விற்பதும் வாங்குவதும் கூடாது என்று 2024 மே மாதம் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள்.

சுதேசிப் பொருளை ஆதரிக்க வேண்டும் என்று நாம் ஓயாமல் பேசி வந்திருக்கிறோம். தாய்ப்பாலைக் காட்டிலும் சுதேசியான பொருள் எது? மாலையில் தாம்பரம் வண்டியிலிருந்து களைத்து இறங்கும் பெண்ணின் கைப்பையில் அது குளிர்ந்தபடி வீடு வந்து சேரட்டும். வீட்டிலுள்ளவர்கள் அதைக் கொட்டாமலும் கொதிக்க வைக்காமலும் குழந்தைக்குப் புகட்டுவார்களாக.