நூற்றுக்கு ஒரு பங்கு பொறுப்பு, பதினைந்தாண்டுச் சிறை!

கட்டடம் எழுப்புகிறவருக்கு மாலை உண்டு, விருந்து உண்டு. பழையதை இடிக்க வருகிறவரிடமோ ஒரே கேள்விதான்: "எவ்வளவு குறைத்துக்கொள்வாய்?" அந்தக் கேள்வி எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2013 ஜூன் 5-ஆம் நாள் கண்டது.

மார்க்கெட் தெருவிலே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிபட்டுக்கொண்டிருந்தது. அதையொட்டித் தாழ்ந்த கூரையின்கீழ், இரட்சணிய சேனையின் மலிவு விலைக் கடை. பட்டப்பகலில், முட்டுக்கொடுப்பாரற்று நின்ற சுவர் கடைமீது சாய்ந்தது. அன்றே மாண்டோர் அறுவர். மருத்துவமனையில் மாண்டவரையும் சேர்த்து எழுவர். ஏறத்தாழ 13 மணி நேரம் இடிபாட்டுக்குள் கிடந்து மீட்கப்பட்ட ஒரு பெண்மணி தம் இரு கால்களையும் இழந்தார்.

சுவர் ஏன் அப்படி நின்றது? மேல்மாடி தொடங்கிச் சிறுகச் சிறுகக் கையாலேயே இறக்கியிருக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும், பணம் வேண்டும். ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையோ 1,12,000 டாலர். மற்றவர்கள் கேட்டது இதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு! அவர் என்ன செய்தார்? விற்றுக் காசாக்கத் தளம் தாங்கிய மரச்சட்டங்களை முதலில் உருவினார். எலும்பை உருவியபின் உடல் நிற்குமா?

ஒப்பந்தக்காரருக்கு 15 முதல் 30 ஆண்டுச் சிறை. இயந்திரம் ஓட்டியவருக்கு ஏழரை முதல் 15 ஆண்டு. இருவரும் கறுப்பினத்தவர். அவர்கள் செய்தது குற்றமே. நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால், அந்தத் தொகைக்கு வேலையை ஒப்படைத்த கட்டட உரிமையாளர்? அவர்மீது குற்ற வழக்கே இல்லை!

2017-இல் நட்டஈட்டு வழக்கில் ஜூரிகள் பொறுப்பைப் பங்கிட்டனர். எச்சரிக்கை வந்தும் கடையைத் திறந்து வைத்த சேனைக்கு நூற்றுக்கு 75. உரிமையாளர் தரப்புக்கு 18. கட்டடக் கலைஞருக்கு 5. ஒப்பந்தக்காரருக்கு 1, இயந்திரம் ஓட்டியவருக்கு 1. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! 98 பங்குக்குப் பணத்தோடு போயிற்று. 2 பங்குக்குச் சிறைக் கதவு திறந்தது!

அயல்நாட்டுக் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியுமா? 2023 ஜனவரி 27-ஆம் நாள், நம் சென்னை அண்ணா சாலையிலே பழைய கட்டடத்தை இடிக்கும்போது சுவர் சரிந்தது. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த இளம்பெண் மாண்டார்.

எனவே, இடிக்க ஆள் அமர்த்துவோரை நாம் கேட்கிறோம். எந்த வரிசையில் இடிப்பது என்று எழுதி வாங்கினீர்களா? பக்கத்துக் கட்டடத்தைக் காலி செய்தீர்களா? கடைக்கால் தோண்டுமுன் அண்டைச் சுவருக்கு முட்டுக் கொடுத்தீர்களா? வேலையாளுக்குக் காப்பீடு உண்டா? 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் இடிப்பு வேலையையும் கட்டட வேலை என்றே சொன்னது. அறியீரோ?

கடப்பாரை பிடிக்கும் தோழனே! உருவாதே என்று உன் அறிவு சொல்லும் சட்டத்தை எவர் சொன்னாலும் உருவாதே. சுவர் சாய்ந்தால் உரிமையாளர் அங்கே இருக்கமாட்டார், நீதான் இருப்பாய்!