எண்ணெய் தீர்ந்தால் ஹெலிகாப்டர் என்ன செய்யும்?



போன மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் போக்குவரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் அன்று எழுந்து நின்றான். அவனுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவர்.

"சார், நடுக்கடலில் அண்ணன் கப்பல் முழுகிப் போனால் ஹெலிகாப்டர் வந்து தூக்குமா?"

"வரும், கட்டாயம் வரும், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்க வேண்டுமே என்ற அவசரம். இரவு சோற்றில் கை வைத்தபோதுதான் மனம் உறுத்தியது. எவ்வளவு தூரம் வரும்? தூக்கிக்கொண்டு திரும்புவதற்கு எண்ணெய் வேண்டாமா? தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பிள்ளைக்குச் சொல்லிவிட்டோமே என்று, மறுநாள் முதல் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதியையாவது உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நூரி ஹெலிகாப்டரைத் தெரியாமல் இராது. 1960-களின் இறுதியிலிருந்து நெடுங்காலம் நம் ஆகாயப் படையில் உழைத்த வண்டி அது. நூரி ஆனாலும் சரி, அதற்குப் பின் வந்தவை ஆனாலும் சரி, நிரப்பிய எண்ணெயில் ஏறக்குறைய மூன்று நான்கு மணி நேரம்தான் பறக்கும். அதில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. இடையில் கடலுக்கு மேல் ஒரே இடத்தில் நின்று கயிற்றை இறக்குகிற நேரமும் அதில்தான் கழியும்.

"பெரிய டாங்கியாக வைத்துவிட்டால் போகிறது" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காண்டாவில் இரண்டு வாளி பால் சுமந்தவர்களுக்கு விடை தெரியும். எண்ணெய் கூடினால் சுமை கூடும். சுமை கூடினால் அந்தரத்தில் நிற்கும் சக்தி குறையும். ஆளைத் தூக்க வந்த வண்டி ஆளைத் தூக்க முடியாமல் திரும்ப வேண்டியதுதான். ஆகையால் குறைவாக நிரப்பிக்கொண்டு கிளம்பி, வழியிலேயே வாங்கிக்கொள்ளும் யோசனை பிறந்தது.

இந்த யோசனை பிறந்தது பட்டாளத்தில். வியட்நாம் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளைக் காட்டுக்குள்ளிருந்து தூக்கி வர அமெரிக்கர்களுக்கு நெடுந்தூரம் பறக்கும் ஹெலிகாப்டர் தேவைப்பட்டது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஹெலிகாப்டர் எண்ணெய் விமானத்தின் குழாயை முதன்முதலில் தொட்டுப் பார்த்தது. இரண்டே ஆண்டுகளில், 1967 மே 31-ஆம் தேதி, இரண்டு ஹெலிகாப்டர்கள் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, 30 மணி 46 நிமிடத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. நடுவில் ஒன்பது தடவை வானத்திலேயே எண்ணெய் வாங்கினவாம்!

வாங்குவது எப்படி என்று பாருங்கள். எண்ணெய் விமானம் தன் இறக்கையிலிருந்து சுமார் 80 அடிக் குழாயைப் பின்னால் விடும். அதன் நுனியில், நம் பிள்ளைகள் பூப்பந்து விளையாடும் இறகுப்பந்தைப் போல ஒரு பெரிய கூடை காற்றில் விரிந்து ஆடும். ஹெலிகாப்டரின் மூக்கிலிருந்து ஒரு நீண்ட குழல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழலைக் கூடைக்குள் செருக வேண்டும். செருகிவிட்டால் பூட்டிக்கொள்ளும், எண்ணெய் பாயும்.

கேட்க எளிது. ஆனால் இருவருடைய வேகத்தை யோசியுங்கள். ஹெர்குலிஸ் என்கிற பெரிய விமானம் சாதாரணமாக மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் போவது. ஹெலிகாப்டர் அதில் பாதியைத் தொடவே திணறும். சைக்கிளில் போகிறவனுக்கு ஓடும் லோரியிலிருந்து ஒரு பொட்டலம் கொடுக்க வேண்டும் என்றால், லோரி முதல் கியரில் நடுங்கி நடுங்கி ஊர வேண்டும், சைக்கிள்காரன் மூச்சிரைக்க மிதிக்க வேண்டும் அல்லவா? வானத்திலும் அப்படித்தான். பெரியவர் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார்; இன்னும் குறைத்தால் விழுந்துவிடுவார். சின்னவர் தன்னால் ஆன மட்டும் விரைகிறார். இருவருக்கும் வசதியான வேகம் என்று ஒன்றும் கிடையாது. இந்தியாவின் ஆக்ரா நகரில் 2003 முதல் இருக்கும் ஐ.எல்-78 எண்ணெய் விமானங்கள் ஜெட் வகை. போர் விமானங்களுக்குப் பொருந்தும், ஹெலிகாப்டருக்கு அவ்வளவு மெதுவாக அவை வர முடியாது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கூடையைப் பிடிக்கும் ஆவலில் விமானி கைப்பிடியைச் சட்டென்று முன்னே தள்ளினால், தலைக்கு மேல் சுழலும் இறக்கை முன்பக்கமாகத் தாழும். தாழ்ந்தால் தன் குழலையே தான் வெட்டிக்கொள்ளும். அப்படி நடந்ததும் உண்டு.

நம் நாட்டிலும் ஏ-400எம் என்னும் விமானங்கள் நான்கு இருக்கின்றன. முதலாவது 2015-இல் வந்தது. அவை நம் போர் விமானங்களுக்கு வானத்தில் எண்ணெய் கொடுத்திருக்கின்றன. ஆனால் இதே ரக விமானத்தின் பின்னால் ஹெலிகாப்டரைக் கொண்டுவருவது நீண்ட காலம் தொல்லையாகவே இருந்தது. பின்னால் கிளம்பும் காற்றுச்சுழல் ஹெலிகாப்டரைப் புரட்டப் பார்த்தது. நீளமான வேறு குழாய் செய்து, 2021-இல்தான் பிரான்சு நாட்டில் சோதனையை முடித்தார்கள். அங்கே எண்ணெய் வாங்கிய ஹெலிகாப்டரும், நூரிக்குப் பதிலாக நம் ஆகாயப் படை வாங்கிய பன்னிரண்டு ஹெலிகாப்டர்களும் ஒரே குடும்பம்தான். அதற்காக நாளைக்கே நம் கடலில் இது நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். குழல் பொருத்த வேண்டும், ஆட்கள் இரவும் பகலும் பழக வேண்டும்.

பழகியவர்களுக்கே கைகூடாத இரவும் உண்டு. 1991 அக்டோபர் 30-ஆம் தேதி, அட்லாண்டிக் கடலில் பெரும்புயல். பாய்மரப் படகில் தனியாகச் சிக்கிக்கொண்ட ஒருவரைக் காப்பாற்ற நியூயார்க்கிலிருந்து ஐந்து பேரோடு ஒரு பட்டாள ஹெலிகாப்டர் போயிற்று. அலையின் உக்கிரத்தில் அவரைத் தூக்க முடியவில்லை. திரும்பும் வழியில் எண்ணெய் விமானம் கூடவே வந்தது. கூடை கண் முன்னால்தான் ஆடியது. ஆனால் மழையிலும் இருட்டிலும் எத்தனை முறை முயன்றும் குழல் அதில் நுழையவில்லை. எண்ணெய் தீர்ந்தது. ஹெலிகாப்டரைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. கடலோரக் காவல் கப்பல் ஒன்று நால்வரை மீட்டது. ரிக் சுமித் என்ற மீட்பு வீரர் கடைசி வரை அகப்படவில்லை.

அந்தப் பையனைத் தனியாக அழைத்து, "அன்றைக்குச் சார் சொன்னது முழுசாகச் சரியில்லை, தம்பி" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். பயந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "அந்த மாமா கிடைக்கவே இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டான். "இல்லையப்பா" என்றேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கு வந்த அவன் தாயார் சிரித்துக்கொண்டே சொன்னார்: கைபேசியில் அண்ணன் பேசும்போதெல்லாம் இவன் பிடுங்கிக்கொண்டு, "அண்ணே, இன்னைக்குக் கரை எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறானாம்.